ஓர் அடுப்பும் இரு சமையற்காரரும்

வெள்ளவத்தைக் காலி வீதியிலே மாலை வேளையில் ஒருவர் வங்கியொன்றின் தானியங்கிப் பண இயந்திரத்தின் முன் நிற்கிறார். அவருடைய கணக்கு அந்த வங்கியில் இல்லை. கொட்டாஞ்சேனையிலுள்ள வேறொரு வங்கிக் கிளையில் இருக்கிறது. அட்டையைச் செலுத்துகிறார்; இரகசிய இலக்கத்தை அழுத்துகிறார்; ஐயாயிரம் ரூபா கேட்கிறார். வங்கிகளின் இயந்திரங்களை இணைக்கும் பொது ஆளி 2013ஆம் ஆண்டிலே நிறுவப்பட்ட பின்னர், இலங்கையில் இஃது ஓர் அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டது. ஆயினும் அந்தச் சில செக்கன்களுக்குள் நடைபெறும் வேலை சிறிதன்று. கேள்வி ஒரு வங்கியிலிருந்து மற்றொரு வங்கிக்குச் செல்ல வேண்டும். அங்கே இலட்சக்கணக்கான கணக்குகளுள் ஒன்றைத் தேடி எடுக்க வேண்டும். மீதி போதுமா என்று பார்க்க வேண்டும். தொகையைக் கழிக்க வேண்டும். கழித்ததை அழியாதபடி பதிந்து வைக்க வேண்டும். இத்தனையையும் செய்வது தரவுத்தளம். அதனைத் தாங்கி நிற்பது சேவையகம் என்னும் கணினி.

இத்தகைய சேவையகம் ஒன்றை முதன்முதலில் நிறுவும் பொறியியலாளரின் முன், ஆரம்ப அமைப்புத் திரையிலே ஒரு சிறு வரி தோன்றும். 'ஹைப்பர்திரெடிங்' என்று அதற்குப் பெயர். அதனருகே விடை இரண்டே: இயங்கச் செய்க, அல்லது நிறுத்துக. இன்டெல் நிறுவனம் சூட்டிய பெயர் அது; ஏனையோர் அதே உத்தியை வேறு பெயர்களால் அழைப்பர். 'இயங்கச் செய்தால் ஒரு செயலி இரண்டாகிவிடும்' என்பார் ஒருவர். 'தரவுத்தளத்துக்கு அது நஞ்சு, உடனே நிறுத்திவிடு' என்பார் மற்றொருவர். இருவரும் அனுபவம் பேசுகிறார்கள்; இருவருடைய கூற்றும் முழு உண்மையன்று. ஏன் அவ்வாறு என்பதை அறிய வேண்டுமானால், செயலி தன் நேரத்தை எவ்வாறு கழிக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

செயலி வேகமானது, நினைவகம் மெதுவானது. இன்றைய கணினியின் பெருந்துன்பம் இதுவே. மூன்று கிகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஓடும் செயலிக்கு ஒரு துடிப்பு என்பது ஒரு நானோ செக்கனின் மூன்றிலொரு பங்கு. பிரதான நினைவகத்திலிருந்து ஒரு தரவைக் கொண்டுவர எண்பது, நூறு நானோ செக்கன் செல்லும். அதாவது இருநூற்றைம்பது, முந்நூறு துடிப்புகள். அத்தனை துடிப்புக்கும் செயலி கைகட்டி நிற்கும். இக்குறையைத் தணிப்பதற்காகவே செயலிக்குள் பதுக்கு நினைவகம் என்னும் சிறு களஞ்சியம் வைக்கப்பட்டிருக்கிறது. அண்மையில் பயன்பட்ட தரவு அங்கே இருக்குமானால் நாலைந்து துடிப்பிலே கைக்கு வந்துவிடும். இல்லையானால் தூரப் பயணந்தான்.

தரவுத்தளமோ இத்தூரப் பயணத்தை அடிக்கடி மேற்கொள்ளும் இயல்புடையது. கொட்டாஞ்சேனைக் கணக்கைத் தேடும்போது, அது சுட்டியின் முதற்பக்கத்தைப் பார்க்கிறது. அங்கே குறித்துள்ள முகவரிக்குச் சென்று இரண்டாம் பக்கத்தைப் பார்க்கிறது. அங்கிருந்து மூன்றாம் பக்கம். முந்திய பக்கம் கைக்கு வரும்வரை அடுத்த பக்கத்தின் முகவரியே தெரியாது. ஆதலால் முன்கூட்டி எடுத்து வைக்கவும் வழியில்லை. அடுத்து வரும் வாடிக்கையாளரோ முற்றிலும் வேறான கணக்குக்கு உரியவர். 1999ஆம் ஆண்டில் அனஸ்டாசியா ஐலமாகியும் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவருடைய துணைவர்களும், விற்பனையிலிருந்த நான்கு தரவுத்தள மென்பொருள்களை எடுத்து ஆராய்ந்தனர். செயலியின் நேரத்திலே சராசரியாகப் பாதி வெறும் காத்திருப்பாகவே கழிந்ததை அவர்கள் கண்டார்கள். விலை கொடுத்து வாங்கிய இயந்திரம் பாதி நேரம் சும்மா நிற்கிறது என்றால் எந்த முகாமையாளர்தாம் பொறுப்பார்?

இனி வெள்ளவத்தையில் ஒரு சைவக் கடையின் சமையலறையைக் கற்பனை செய்க. அங்கே ஒரு பெரிய தோசைக்கல், ஒரு சமையற்காரர். அடுப்பருகே ஒரு சிறு தட்டு. அதிலே கைக்கெட்டும் தூரத்தில் மாவும் எண்ணெயும் வெங்காயமும் இருக்கின்றன. தட்டில் இல்லாத பொருள் வேண்டுமானால் கடையின் பின்புறத்திலுள்ள களஞ்சிய அறையிலிருந்து பையன் கொண்டுவர வேண்டும். பையன் வரும்வரை சமையற்காரர் நிற்கிறார். கல் வெறிதே காய்கிறது. இப்போது இரண்டாவது சமையற்காரர் ஒருவரை அதே கல்லின் முன் நிறுத்தினால் என்ன? முதலாமவர் களஞ்சியத்தை எதிர்பார்த்து நிற்கும்போது இரண்டாமவர் தம் தோசையை வார்ப்பார். கல் இரண்டாகிவிடவில்லை, அடுப்பும் இரண்டாகிவிடவில்லை. வீணாய்ப் போன நேரம் மட்டுமே பயனாயிற்று.

ஹைப்பர்திரெடிங் என்பது இதுதான். செயலியின் ஒரு கருவுக்குள் கூட்டல், கழித்தல், ஒப்பிடுதல் முதலியவற்றைச் செய்யும் உறுப்புகள் ஒரு தொகுதியே உண்டு. அது தோசைக்கல். ஒரு வேலை எந்த இடத்தில் நிற்கிறது, எந்த எண்கள் அதன் கையில் உள்ளன என்பவற்றைக் குறித்துவைக்கும் பகுதி மட்டும் இரண்டாக அமைக்கப்பட்டிருக்கிறது. அவை இரு சமையற்காரர். இவ்விருவரையும் இரு 'இழைகள்' என்பர். கணினியின் பணிசெயல் முறைமைக்கு ஒரு கரு இரு செயலிகளாகத் தோன்றும். தோற்றமே அது என்பதை மறவாதிருத்தல் நலம்; பின்னே வரும் குழப்பங்கள் பலவற்றுக்கும் அத்தோற்றமே காரணம்.

இவ்வெண்ணம் புதியதன்று. சீமோர் கிரே வடிவமைத்து 1964இல் வெளிவந்த சி.டி.சி. 6600 கணினியிலேயே, பத்துச் சிறு புறச் செயலிகள் ஒரே கணிப்புறுப்பை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டன. 1982இல் வந்த எச்.ஈ.பி. என்னும் இயந்திரத்தில் பேர்ட்டன் ஸ்மித் இவ்வழியை மேலும் வளர்த்தார். 1995இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீன் டல்சன், சூசன் எகர்ஸ், ஹென்றி லெவி ஆகியோர் இன்றைய வடிவத்தை முன்வைத்தனர். முறைவைத்துப் பகிர்வதை விட்டு, ஒரே துடிப்பில் இரு இழைகளின் கட்டளைகளையும் கலந்தே நிறைவேற்றலாம் என்பது அவர்கள் கண்ட வழி. மூன்று ஆண்டு கழித்து அதே குழுவினர், ஜாக் லோவும் லூயிஸ் பரோசோவும் உடனிருக்க, இவ்வழியைத் தரவுத்தள வேலையின் மீதே சோதித்தனர். எட்டு இழைகள் கொண்ட மாதிரிச் செயலி ஒன்று, பரிமாற்ற வேலையிலே சாதாரணச் செயலியைப் போல மும்மடங்கு கட்டளைகளை நிறைவேற்றிற்று. நினைவகத்துக்காக மிகுதியாகக் காத்திருக்கும் வேலைக்கே இவ்வழி மிகுதியாக உதவும் என்பது அப்போதே விளங்கிவிட்டது.

2002இல் இன்டெல் இதனைத் தன் சியோன் செயலிகளில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில்லின் பரப்பும் மின்தேவையும் இதனால் 5 சதவீதத்துக்கும் குறைவாகவே கூடின என்று அந்நிறுவனத்தின் பொறியியலாளர் அவ்வாண்டில் எழுதினர். ஒரு செயலியோ இரண்டோ உள்ள இயந்திரத்தில் தரவுத்தளப் பரிமாற்றம் 21 சதவீதம் கூடிற்று என்பதும் அவர்கள் வெளியிட்ட கணக்கே. ஐந்து செலவிட்டு இருபத்தொன்று பெறுவது நல்ல வாணிபந்தான். எனினும் இருபத்தொன்று வேறு, நூறு வேறு. 'ஒரு செயலி இரண்டாகும்' என்று சொன்னவர் இவ்விடத்தில் தவறுகிறார்.

அப்படியானால் 'நஞ்சு' என்றவரின் கதை யாது? அவரும் வெறுமனே சொல்லவில்லை. 2002 முதல் 2006 வரையான காலத்துச் செயலிகளிலே, அடுப்பருகே இருந்த தட்டு மிகமிகச் சிறியது. முதல்நிலைத் தரவுப் பதுக்கு நினைவகம் வெறும் 8 அல்லது 16 கிலோபைட். அதை இருவர் பகிர்ந்தால் ஒருவர் எடுத்து வைத்த வெங்காயத்தை மற்றவர் தள்ளிவிட்டுத் தம் மாவை வைப்பார். முதலாமவர் திரும்பிப் பார்க்கும்போது பொருள் இல்லை, மறுபடியும் களஞ்சியம். இருவருமே பையனை எதிர்பார்த்து நிற்கும் நிலை வரும். தரவுத்தளங்களில் ஒருவகைப் பின்னணி வேலை உண்டு. நினைவகத்திலுள்ள பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, பழையவற்றை அகற்றி இடம் செய்வது அதன் கடமை. அவ்விழை ஓடத் தொடங்கினால், அதே கருவைப் பகிரும் மற்ற இழையின் தரவெல்லாம் பதுக்கிலிருந்து வெளியேற்றப்படும். 2005இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் தரவுத்தளக் குழுவைச் சேர்ந்த பொறியியலாளர் ஒருவர் இதனை விளக்கி, சோதியாமல் இவ்வசதியை இயக்க வேண்டாம் என எச்சரித்தார். 'சோதியாமல்' என்ற சொல் காலப்போக்கில் உதிர்ந்துபோக, 'வேண்டாம்' என்பது மட்டும் எஞ்சிற்று. அறிவுரைகள் கைமாறும்போது நேரும் விபத்து இது.

பணிசெயல் முறைமைகளும் அக்காலத்தில் பக்குவப்படவில்லை. விண்டோஸ் 2000, தோற்றச் செயலிக்கும் மெய்ச்செயலிக்கும் வேறுபாடு அறியாதது. இரண்டு கருக்கள் உள்ள இயந்திரத்தில் ஒரு கரு முற்றிலும் ஓய்ந்திருக்க, மற்றக் கருவின் இரண்டு இழைகளிலும் வேலையை ஏற்றிவிடும். இரண்டு கல் இருக்கும் கடையிலே இரு சமையற்காரரையும் ஒரே கல்லுக்கு அனுப்பிவிட்டு மற்றக் கல்லைக் குளிரவிட்டது போல. பின்னர் வந்த முறைமைகள் இதனை அறிந்து, முதலில் கருவுக்கு ஒன்றாக வேலையைப் பகிர்ந்து, அதன் பின்னரே இரண்டாம் இழையை நாடுகின்றன.

2006இல் வந்த 'கோர்' வகைச் செயலிகளில் இன்டெல் இவ்வசதியைக் கைவிட்டது. 2008இல் நெகாலெம் என்னும் வடிவத்திலே அது திரும்பிற்று. திரும்பியபோது தட்டுப் பெரிதாகியிருந்தது. தரவுப் பதுக்கு 32 கிலோபைட். அதன் பின்னால் இரண்டாம், மூன்றாம் நிலைகள். நினைவகத்தை ஆளும் பகுதியும் செயலிக்குள்ளேயே வந்துவிட்டது. தரவுத்தளங்களுக்கென்றே இயந்திரம் செய்வோரும் இதே வழியில்தான் சென்றனர். சன் நிறுவனம் 2005இல் எட்டுக் கருக்களிலே கருவுக்கு நான்கு இழை வைத்தது, ஐ.பி.எம். 2014இல் பவர் 8 செயலியிலே கருவுக்கு எட்டு இழை வைத்தது. ஏ.எம்.டி. நிறுவனமும் 2017இல் சென் வடிவத்தோடு இரண்டு இழை வழிக்கு வந்துசேர்ந்தது. 2005இன் எச்சரிக்கையை எடுத்து இன்றைய சேவையகத்தின் மீது ஒட்டுவது, பழைய மருந்துச் சீட்டைக் கொண்டு புதிய நோயாளிக்கு மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

எனினும் எல்லா வேலையும் ஒரே தன்மையதன்று. பகலில் வங்கியின் தரவுத்தளம் ஆயிரக்கணக்கான சிறு கேள்விகளுக்கு விடை சொல்கிறது. காத்திருப்பு மிகுதி; இரண்டாம் சமையற்காரருக்கு வேலை உண்டு. மாத முடிவிலே அதே தரவுத்தளம் எல்லாக் கணக்குகளையும் முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படித்து, வட்டி கூட்டி, அறிக்கை செய்கிறது. வரிசையாகப் படிக்கும் வேலையிலே அடுத்து வேண்டியது எது என்பது செயலிக்கு முன்னரே தெரியும். பையன் கேளாமலே பொருளைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறான். கல் ஓயாது. ஓயாத கல்லின் முன் இரண்டாமவரை நிறுத்தினால் தோள்தான் இடிபடும். அன்றியும் களஞ்சியத்திலிருந்து வரும் வழியே நிறைந்துவிட்டால், எத்தனை சமையற்காரர் இருந்தும் பயனில்லை. இத்தகைய அறிக்கை வேலைகளில் இலாபம் மிகச் சிறிதாகலாம். சிலபோது நட்டமும் ஆகலாம்.

மூன்றாவது வகையும் ஒன்றுண்டு. அதற்கு உதாரணம் தேடி இலங்கையர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1996இல் கொழும்பிலே தொடங்கப்பட்ட மில்லெனியம் ஐ.டி. நிறுவனம், பங்குச் சந்தைகளுக்கான மென்பொருளை ஆக்கிற்று. 2009இல் இலண்டன் பங்குச் சந்தைக் குழுமம் அதனை வாங்கியது. 2011 பெப்ரவரியில் இலண்டன் சந்தையின் பங்கு வியாபாரமே இந்நாட்டிலே எழுதப்பட்ட அந்த மென்பொருளுக்கு மாறிற்று. அத்தகைய சந்தைகளில் ஒரு கட்டளைக்கான விடை மைக்ரோ செக்கன் கணக்கிலே அளக்கப்படுகிறது. சராசரி வேகம் அங்கே போதாது. ஒவ்வொரு விடையும் ஒரே நேரத்தில் வர வேண்டும். பக்கத்தில் ஓர் இழை திடீரென வந்து கல்லைப் பங்கிட்டால், இதுவரை ஐந்து மைக்ரோ செக்கனில் முடிந்த வேலை எட்டாகும். மொத்த வேலை கூடினும் தனி வேலை தாமதிக்கும். ஆதலால் இத்துறைக்கென எழுதப்பட்ட சீரமைப்பு வழிகாட்டிகள் பலவும் இவ்வசதியை நிறுத்துமாறே கூறுகின்றன. அந்த அறிவுரை பங்குச் சந்தைக்குப் பொருந்தும். காலி வீதிப் புடவைக் கடையின் விற்பனைப் பதிவுக்குப் பொருந்தாது. புடவை வாங்குபவர் மூன்று மைக்ரோ செக்கனை உணரமாட்டார்.

இவ்விடயத்திலே பலரையும் ஏமாற்றுவது ஒன்றுண்டு. அது கணினி காட்டும் பாவனைச் சதவீதம். பதினாறு கரு உள்ள இயந்திரம் ஹைப்பர்திரெடிங்கோடு முப்பத்திரண்டு செயலியாகத் தோன்றும். பதினாறு இழைகளில் வேலை நிறைந்திருக்கும்போது மானி '50 சதவீதம்' என்று காட்டும். முகாமையாளர் பார்க்கிறார், 'இன்னும் பாதி எஞ்சியிருக்கிறதே, புதிய இயந்திரம் எதற்கு?' என்கிறார். உண்மையில் பதினாறு கல்லும் அப்போதே ஆளுக்கொன்றாய் நிறைந்துவிட்டன. எஞ்சியிருப்பது வெறும் கல் அன்று. நிறைந்த கற்களின் இடைவேளைகள் மட்டுமே. இரண்டாம் இழையினால் வரும் இலாபம் 25 சதவீதம் என்று கொண்டால், முழுக்கொள்ளளவு 125. கையிலே பயன்படுவது 100. அதாவது மானி 50 காட்டும்போது மெய்யான பாவனை 80. சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரத்திலே, சம்பளமும் முற்பணமும் கைக்கு வந்து, வெள்ளவத்தைப் புடவைக் கடைகளிலும் பண இயந்திரங்களின் முன்னும் கூட்டம் நெருங்கும்போது, வேலை ஒன்றரை மடங்காகும் என வைத்துக்கொண்டால், 'பாதி மீதி' என்று நம்பியிருந்த இயந்திரம் திணறும். மானி அப்போதும் கணக்குப் பிழைத்ததாக ஒப்புக்கொள்ளாது. எழுபதிலிருந்து நூறுக்கு ஒரே மூச்சில் ஏறிவிடும். இவ்வசதியை இயக்கி வைத்திருப்பவர் எவரும் இந்தக் கணக்கை எழுதிச் சுவரிலே ஒட்டி வைத்தல் தகும்.

செலவின் பக்கத்தையும் பார்த்தல் வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபா அளவுக்கு ஏறிற்று. புதிய சேவையகமும் டொலர். மென்பொருள் உரிமமும் டொலர். மார்ச் முடிவிலே பதின்மூன்று மணி நேர மின்வெட்டும் வந்தது; சேவையகத்தை மின்பிறப்பாக்கி கொண்டு ஓட்டுவோருக்கு டீசலும் அரிதாயிற்று. அத்தகைய காலத்திலே, இருக்கும் இயந்திரத்திலிருந்தே ஐந்திலொரு பங்கு வேலையைக் கூடுதலாகப் பெறுவது அற்பமன்று. அதற்காகச் செலவாகும் மின்சாரமும் புதிய இயந்திரம் ஒன்று விழுங்கும் மின்சாரத்திலும் மிகக் குறைவு.

ஆனால் இங்கேயும் ஒரு திருப்பம் உண்டு. சொந்தமான பௌதிக இயந்திரத்துக்கு உரிமம் வாங்குவோர், மைக்ரோசாப்டின் எஸ்.கியூ.எல். சேவர் 2012 பதிப்பு முதல், கருவின் எண்ணிக்கைக்கே பணம் கட்டுகின்றனர். இரண்டாம் இழைக்குக் கட்டணம் இல்லை. ஆதலால் அதை இயக்காதிருப்பது வாங்கிய பொருளைப் பூட்டி வைப்பதாகும். தூரத்துத் தரவு நிலையங்களில் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துப் பாவிப்போரின் நிலை வேறு. அங்கே 'ஒரு மெய்நிகர் செயலி' என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஒரு கரு அன்று. ஒரு கருவின் ஓர் இழை. எட்டு மெய்நிகர் செயலி வாங்கினவர் கையிலே நான்கு கருக்களே உள்ளன. மென்பொருளின் உரிமம் மெய்நிகர் செயலிக்கு இத்தனை எனக் கணக்கிடப்படுமானால், ஹைப்பர்திரெடிங்கை நிறுத்தியவுடன் எட்டு நான்காகும். உரிமச் செலவு பாதியாகும். வேலையோ ஐந்திலொரு பங்கே குறையும். அமேசான் முதலிய நிறுவனங்கள் இவ்வாறு நிறுத்திக்கொள்வதற்கு வசதியளிப்பதும் இதை முன்னிட்டே. ஓரக்கிள் நிறுவனம் தன் கணக்கை வேறு விதமாக வகுத்துள்ளது. அது குறிப்பிட்டுள்ள முகில் சேவைகளிலே, இரட்டை இழை இயங்கும்போது இரண்டு மெய்நிகர் செயலிக்கு ஓர் உரிமம். இயங்காதபோது ஒன்றுக்கு ஓர் உரிமம். ஆகவே நிறுத்தினாலும் இயக்கினாலும் கட்டணம் ஒன்றே, இயக்குவதுதான் இலாபம். ஒரே வசதி, ஒரே வேலை. உரிமப் பத்திரத்தின் ஒரு வரியினால் விடை தலைகீழாகிறது. பொறியியலாளரும் கணக்காளரும் ஒரே மேசையில் அமராத அலுவலகத்தில் இவ்விலாபம் எவர் கண்ணுக்கும் படாது.

பாதுகாப்பைப் பற்றிய அச்சமும் பொய்யன்று. இருவர் ஒரே தட்டைப் பகிரும்போது, ஒருவர் எதை எடுக்கிறார் எதை வைக்கிறார் என்பதை மற்றவர் ஊகித்துவிடலாம். ஒரே கருவைப் பகிரும் இழை ஒன்று பதுக்கு நினைவகத்தின் அசைவுகளைக் கொண்டே மற்ற இழையின் இரகசியச் சாவியை அறியலாம் என்று 2005இல் கொலின் பேர்சிவல் காட்டினார். 2018 ஓகஸ்டில் வெளியான 'போர்ஷடோ', 2019 மேயில் வெளியான 'சொம்பிலோட்' என்னும் குறைகள் இதனினும் பாரதூரமானவை. இன்டெல் செயலிகளிலே ஒரு வேலையின் தரவை அயல் வேலை நேராகவே உறிஞ்ச இடமிருந்தது. ஓப்பன் பி.எஸ்.டி. என்னும் பணிசெயல் முறைமையை ஆக்குவோர் 2018 ஜூனிலேயே இவ்வசதியை இயல்பாக நிறுத்திவிட்டனர். இதைக் கேட்டுத் தரவுத்தளம் வைத்திருப்போர் அனைவரும் அஞ்ச வேண்டுமா? அயலவர் யார் என்பதே கேள்வி. ஒரு வங்கியின் சொந்த இயந்திரத்திலே அவ்வங்கியின் தரவுத்தளம் மட்டுமே ஓடுமானால், இரண்டு இழையும் ஒரே வீட்டார். அங்கே அயலான் நுழைந்துவிட்டானென்றால் வேறு கதவு திறந்திருக்கிறது என்பதே பொருள். பலருடைய வேலைகள் கலந்து ஓடும் இயந்திரமாயின் எச்சரிக்கை தேவை. 2021இல் வந்த லினக்ஸ் 5.14 பதிப்பு முதல், நம்பிக்கைக்குரியவை எனக் குறிக்கப்பட்ட வேலைகள் மட்டுமே ஒரு கருவைப் பகிருமாறு வகுப்பதற்கும் வழி உண்டு.

சிறிய சங்கதி ஒன்றையும் இவ்விடத்தில் குறிப்பிடல் தகும். தரவுத்தளத்தில் ஒரே பதிவை இருவர் மாற்ற முயலும்போது ஒருவர் பொறுத்திருக்க வேண்டும். சிறிது நேரமே பொறுக்க வேண்டியிருந்தால், அவ்விழை நின்ற இடத்திலேயே சுழன்று சுழன்று 'ஆயிற்றா, ஆயிற்றா' என்று கேட்டுக்கொண்டிருக்கும். சுழலும் இழை வேலை செய்யாமலே கல்லைப் பிடித்துக்கொள்ளும். அயல் இழைக்கு இடம்விட்டுச் சற்றே ஒதுங்குவதற்கென ஒரு தனிக் கட்டளை செயலியில் உண்டு. 2017இல் வந்த சியோன் செயலிகளில் அந்த ஒதுக்கத்தின் நீளம் ஏறத்தாழப் பத்துத் துடிப்பிலிருந்து நூற்று நாற்பது துடிப்பாக நீட்டப்பட்டது. பழைய அளவை எண்ணி எழுதப்பட்ட தரவுத்தளங்கள் தேவைக்கு மேல் காத்துக் கிடந்தன. மைஎஸ்.கியூ.எல். தரவுத்தளத்தின் 8.0.16 பதிப்பிலே, 2019இல், அதனைத் திருத்தும் ஓர் அமைப்பெண் சேர்க்கப்பட்டது. புதிய இயந்திரம் வாங்கிய பின் தரவுத்தளம் மந்தமாயிற்று என்று ஹைப்பர்திரெடிங்கின் மீது பழி போடுமுன், மென்பொருளின் பதிப்பு எது என்று பார்த்துவிடுதல் நன்று.

இவ்வளவையும் வைத்து நோக்கின், பகலில் பரிமாற்றம் செய்யும் சாதாரணத் தரவுத்தளம், சொந்த இயந்திரம், அண்மைக் காலச் செயலி என்ற நிலையிலே இவ்வசதியை இயக்கி வைத்தலே முறை. நிறுத்த விரும்புவோரே காரணம் காட்டக் கடமைப்பட்டவர். காரணங்கள் உண்டு: மைக்ரோ செக்கன் கணக்கு, மெய்நிகர் செயலிக்குக் கட்டும் உரிமம், அறியாத அயலவர், இரவு பகலாக ஓடும் அறிக்கை வேலை. இவற்றுள் ஒன்று தம் கடையில் இருக்கிறதா என்பதை அவரவர்தாம் பார்க்க வேண்டும்.

பார்ப்பது எங்ஙனம்? முன்பெல்லாம் இயந்திரத்தை நிறுத்தி, அமைப்புத் திரைக்குச் சென்று மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு வாடிக்கையாளர் இல்லாத ஞாயிறு நள்ளிரவு வேண்டும். 2018 முதல் லினக்ஸிலே ஓடும் இயந்திரத்தை நிறுத்தாமலே ஒரு கட்டளையால் இரண்டாம் இழைகளை அணைக்கவும் மீட்கவும் இயலும். எனினும் இதை வாடிக்கையாளரின் பணத்தோடு விளையாடும் இயந்திரத்திலே செய்யாமல், அதே வகையான மாற்று இயந்திரத்தில், பதிந்து வைத்த மெய்யான வேலையை மீண்டும் ஓட்டிப் பார்த்தலே விவேகம். ஓய்ந்த நாளின் வேலையை ஓட்டினால் இரண்டு நிலைக்கும் வேறுபாடே தெரியாது; கல் நிறையாதபோது இரண்டாம் சமையற்காரர் இருந்தென்ன, இல்லாதென்ன? சம்பள நாளின் வேலையும் மாத முடிவின் வேலையும் வேண்டும். அளக்கும்போதும் செயலியின் சதவீதத்தை அளவுகோலாகக் கொள்ளலாகாது. அது ஏமாற்றும் என்பது மேலே கூறப்பட்டது. ஒரு செக்கனில் எத்தனை பரிமாற்றம் முடிந்தது, நூறு பேரில் மிகவும் தாமதித்த அந்த ஒருவர் எத்தனை நேரம் நின்றார் என்ற இரண்டு எண்களே போதும். முதலாவது கூடி, இரண்டாவது கூடாதிருந்தால் இயக்குக. முதலாவது சிறிதே கூடி இரண்டாவது பெரிதாகக் கூடினால், பண இயந்திரத்தின் முன் நிற்பவருக்காக நிறுத்துக.

நிறுத்திய பின்னர் தரவுத்தளத்தின் உள்ளமைப்பையும் மாற்ற மறத்தலாகாது. ஒரே கேள்வியை எத்தனை இழைகள் பங்கிட்டுச் செய்யலாம், ஒரே சமயத்தில் எத்தனை தொடர்புகளை ஏற்கலாம் என்னும் எண்கள், முப்பத்திரண்டு செயலி இருப்பதாக எண்ணி முன்பு வகுக்கப்பட்டவையாகவே இருக்கும். இப்போது பதினாறு. அவ்வெண்களை அப்படியே விட்டுவிட்டு, 'நிறுத்தியதால் கெட்டது' என்றோ 'நிறுத்தியதால் திருந்தியது' என்றோ எழுதப்படும் அறிக்கைகள், ஹைப்பர்திரெடிங்கை அளக்கவில்லை; மாற்றாத எண்களையே அளக்கின்றன. இயந்திரம் வாங்கப் போவோருக்கும் ஒரு வார்த்தை: 2024இல் இன்டெல் வெளியிட்ட சியோன் 6 வரிசையிலே, வேகக் கருக்கள் கொண்ட வகையில் இரண்டாம் இழை உண்டு, எண்ணிக்கையில் மிகுந்த சிறு கருக்கள் கொண்ட வகையில் அது இல்லை. அந்த இரண்டாம் வகையை வாங்கியவருக்கு ஆரம்பத் திரையிலே அவ்வரியே தோன்றாது.